மூணு பேருக்கும் ஒரே தலைவலியா?

காலையில எழுந்ததும் உங்க வீட்டுல மூணு பேரு ஒரே நேரத்துல, "தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது"ன்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க? "ராத்திரி முழுக்க சீரியல் பார்த்திருப்பீங்க"ன்னு கிண்டல் அடிப்பீங்க. இல்லைன்னா முந்தின நாள் சாப்பிட்ட பரோட்டா மேல பழியைப் போடுவீங்க. நானும் அப்படித்தான் செஞ்சேன். அன்னிக்கு இன்னும் அரை மணி நேரம் அதே நினைப்புல இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா, இப்பவும் வயித்துல புளியைக் கரைக்குது.

எனக்கு ஊரு கம்மாபுரம். விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் நடுவுல இருக்கு. ஒரு பக்கம் பழுப்பு நிலக்கரி, இன்னொரு பக்கம் பீங்கான். உங்க வீட்டு மெயின் போர்டுல இருக்குற வெள்ளை நிற ஃப்யூஸ் கேரியர், கொலு படியில உட்கார்ந்திருக்குற பளபளப்பான பொம்மை, இதெல்லாம் எங்க விருத்தாசலம் சூளையில வெந்து வந்ததா இருக்கலாம். நானும் அந்த ஊரு செராமிக் இன்ஸ்டிடியூட்டுல டிப்ளமோ படிச்ச ஆளுதான். நெருப்பைப் பத்தி, புகையைப் பத்தி, சூளையைப் பத்தி பக்கம் பக்கமா பரீட்சை எழுதியிருக்கேன். ஆனா என் வீட்டுக்குள்ள ஒரு மண்சட்டி என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியலை. அந்தக் கதையைத்தான் உங்ககிட்ட சொல்லப் போறேன்.

2011 டிசம்பர் 30. 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்த நாள். கடலூர் மாவட்டத்துக்காரங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, அந்த ராத்திரியைப் பத்திச் சொல்லும்போது குரல் கம்மும். தலைமுறையா நின்ன பலாவும் முந்திரியும் ஒரே ராத்திரியில வேரோட சாய்ஞ்சுது. கரண்ட் கம்பம் எல்லாம் வளைஞ்சு கிடந்துச்சு. கரண்ட் எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. செல்போன் செத்துப் போச்சு. அப்பா, சாய்ஞ்ச மரத்தைப் பார்த்துக்கறேன்னு முந்திரிக் கொல்லையிலேயே படுத்துக்கிட்டார்.

வீட்டுல அம்மா, ஆயா, அப்புறம் வளைகாப்பு முடிஞ்சு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா. அக்காவுக்கு எட்டு மாசம். ஃபேன் ஓடலை. தேங்கின தண்ணியில இருந்து கொசு படை படையா கிளம்பி வந்துச்சு. ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு போனதால, சாரல் உள்ளே வராம இருக்க நான்தான் கோணியை மடிச்சு வச்சு ஆணி அடிச்சேன். இதை ஞாபகம் வச்சுக்கங்க. அந்த ஜன்னலை அடைச்சது நான்தான்!

ஜனவரி 1 ராத்திரி. ஊரெல்லாம் 'ஹேப்பி நியூ இயர்' கொண்டாட, நாங்க மெழுகுவத்தி வெளிச்சத்துல கஞ்சி குடிச்சோம். அக்காவைக் கொசு பிடுங்குதேன்னு ஆயாவுக்கு மனசு கேட்கலை. இஸ்திரிப் பெட்டிக்கு வாங்கி வச்சிருந்த அடுப்புக்கரியை ஒரு மண்சட்டியில போட்டுப் பத்த வச்சு, மேல நொச்சி இலையும் வேப்பிலையும் தூவினாங்க. வாசல்ல வச்சு நல்லா புகை விட்டாங்க. இலை கருகி, புகையெல்லாம் அடங்கி, கரி மட்டும் செக்கச்செவேல்னு கனன்டுச்சு. "புகை போயிடுச்சுடா, இனிமே கண்ணு எரியாது. உள்ளே கொண்டு வை. கொசுவும் வராது, பொண்ணுக்குக் குளிரும் தெரியாது"ன்னாங்க.

சட்டியை உள்ளே தூக்கிட்டுப் போய் வச்சதும் நான்தான். அவங்க மூணு பேரும் ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்தாங்க. எனக்கு உள்ளே வேர்க்கும்னு போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு திண்ணையில சுருண்டுட்டேன்.

அது மார்கழி மாசம். புயலே அடிச்சாலும் எங்க அம்மா விடியுறதுக்கு முன்னாடி எழுந்து வாசல் தெளிச்சுக் கோலம் போட்டாகணும். அன்னிக்கும் எழுந்தாங்க. கதவைத் திறந்தாங்க. வாசப்படியைத் தாண்டும்போது கால் பின்னி அப்படியே விழுந்தாங்க. கோலமாவு டப்பா உருண்டு ஓடின சத்தத்துலதான் நான் முழிச்சேன்.

"ஒண்ணும் இல்லைடா, தலை சுத்துது. மண்டை ரெண்டா பிளக்குற மாதிரி வலிக்குது"ன்னாங்க. உள்ளே எட்டிப் பார்த்தா அக்கா சுவரைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கு. ஆயா எழுந்திருக்கவே இல்லை. கூப்பிட்டா, "ம்..."னு ஒரு முனகல். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நேத்து வச்ச குழம்பு ஊசிப் போயிருக்கும். அதான் வேணாம்னு சொன்னேன்ல!"

பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்தாங்க. "புயல்ல எத்தனை உசுரு போச்சோ... புள்ளத்தாச்சி இருக்குற வீடு, காத்து கருப்பு அண்டியிருக்கும். வேப்பிலை அடிங்க"ன்னாங்க. சொல்லப் போனா அத்தை சொன்னது பாதி சரி. அண்டியிருந்தது காத்துதான். ஆனா அது வேப்பிலைக்கு பயப்படுற காத்து இல்லை.

அப்பத்தான் சித்தப்பா வந்தார். இருபது வருஷத்துக்கு மேல பீங்கான் சூளையில நெருப்புப் பார்த்தவர். எட்டாவதோட படிப்பை நிறுத்தினவர். வந்தவர் அம்மாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஆயாவைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"மூணு பேருக்கும் ஒரே நேரத்துல எப்படிடா தலை வலிக்கும்? திண்ணையில படுத்த உனக்கு மட்டும் ஏன் வலிக்கலை? நீயும் அதே குழம்பைத்தானே தின்ன?"

அடுத்த நொடி உள்ளே பாய்ஞ்சார். கோணியைப் பிய்ச்சு எறிஞ்சார். ஆயாவைப் பாயோட சேர்த்து வாசலுக்கு இழுத்துட்டு வந்தார். அப்புறம் அந்தச் சட்டியைத் தூக்கிட்டு வந்து தெருவுல வச்சார். சாம்பல் மூடிக்கிட்டு சாது மாதிரி இருந்துச்சு. ஊதினார். உள்ளே இன்னும் சிவப்பு. "இது சூளைத் தலைவலிடா. எங்க செட்டுல புதுசா வர்ற பசங்களுக்கு வரும். வண்டியைப் பிடி!"

ஃப்ரெண்ட்ஸ், இங்கே கொஞ்சம் கதையை நிறுத்திட்டு, அந்தச் சட்டிக்குள்ள என்ன நடந்துச்சுன்னு பார்த்துடுவோம்.

கரி நல்ல காத்தோட்டத்துல எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடு வரும். காத்து பத்தலைன்னா, அரைகுறையா எரிஞ்சா, கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணு எரியாது, இருமல் வராது. நல்லா எரியுற கரி அடுப்பு மேல நீலமா ஒரு சின்னச் சுவாலை ஆடுறதைப் பார்த்திருப்பீங்களே, அது இந்த வாயு எரியுறதுதான். அந்தச் சுவாலை அடங்கி, சாம்பல் மூடி, 'அடுப்பு தணிஞ்சிடுச்சு'ன்னு நாம நினைக்கிற நேரத்துல அது எரியாமலேயே ரூமுக்குள்ள கசியும். ஆயா பயந்தது புகைக்கு. புகை போனதும் பயமும் போயிடுச்சு. அங்கேதான் ஏமாந்தோம்.

இந்த வாயு உடம்புக்குள்ள போய் என்ன செய்யுது? நம்ம ரத்தத்துல ஹீமோகுளோபின்னு ஒண்ணு இருக்கு. அதுல இருக்குற இரும்புதான் ஆக்சிஜனைச் சுமந்துக்கிட்டு உடம்பு முழுக்க ஓடுற சரக்கு வண்டி. கார்பன் மோனாக்சைடு வந்தா ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல இறுக்கமா அந்த இரும்பைப் பிடிச்சுக்கும். பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டைப் பிடிப்போமே, அதே கதை! வண்டி ஓடும், ஆனா ஆக்சிஜனுக்கு சீட்டு கிடைக்காது. முதல்ல பட்டினி கிடக்குறது மூளையும் இதயமும். காத்துல ஆயிரத்துக்கு ஒன்றரைப் பங்கு இந்த வாயு கலந்திருந்தாலே இருபது நிமிஷத்துல தலைவலி, மயக்கம், குமட்டல். ஒன்றிரண்டு மணி நேரத்துல உயிரே போகலாம்.

எனக்கு வெட்கமா இருக்குற இடம் இதுதான். சூளையில காத்தைக் குறைச்சா கார்பன் மோனாக்சைடு உண்டாகி, களிமண்ணுல இருக்குற இரும்பு ஆக்சைடுகிட்ட இருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும். சிவப்பா வர வேண்டிய மண்ணு கருப்பாகும். இதுக்கு ரிடக்‌ஷன்னு பேரு. கீழடி, ஆதிச்சநல்லூர்ல எல்லாம் கிடைச்ச கருப்பு சிவப்புப் பானையில கருப்பு வந்ததும், அந்தப் பக்கத்துக்குக் காத்து போகாம சுட்டதாலதான். இதையெல்லாம் படம் போட்டு எழுதி மார்க் வாங்கினவன் நான். சூளையில இரும்பு, ரத்தத்துல இரும்பு. ரெண்டு இடத்துலயும் ஆக்சிஜனுக்கு உலை வைக்கிறது ஒரே வாயு. புத்தகத்துல தெரிஞ்சது, வீட்டுல தெரியலை. சித்தப்பாவுக்கு ஃபார்முலா தெரியாது. ஆனா தலைவலியைத் தெரியும்.

சரி, கதைக்கு வர்றேன். 108-க்கு போன் அடிக்க டவர் இல்லை. ஒரு குட்டியானை வண்டியைப் பிடிச்சு, மூணு பேரையும் பின்னாடி காத்தோட்டமா உட்கார வச்சு, சாய்ஞ்ச மரத்தையெல்லாம் சுத்திக்கிட்டு விருத்தாசலத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சித்தப்பா உள்ளே நுழையும்போதே, "டாக்டரம்மா, கரிச்சட்டி வச்ச ரூமுல கதவைச் சாத்திக்கிட்டு தூங்கியிருக்காங்க"ன்னு சொல்லிட்டார். அந்த ஒரு வரிதான் பாதி வைத்தியம்னு அப்புறம் அந்த அம்மாவே சொன்னாங்க. அதைச் சொல்லாம 'வாந்தி, தலைவலி'ன்னு மட்டும் சொல்லியிருந்தா, வயித்துக்கு மருந்து கொடுத்து அதே ரூமுக்கே திருப்பி அனுப்பியிருக்கலாம்!

விரல்ல கிளிப் மாட்டிப் பார்த்தாங்க. மெஷின் 98-ன்னு காட்டுச்சு. "அப்போ ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு?"ன்னு நான் கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கலை. "இந்த மெஷின் ஏமாறும் தம்பி. கார்பன் மோனாக்சைடு பிடிச்ச ரத்தமும் இதுக்குச் சிவப்பாத்தான் தெரியும். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க இதுக்குத் தெரியாது. ரத்தம் எடுத்துத் தனியா டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும். அதுக்காக காத்துக்கிட்டு இருக்க முடியாது"ன்னு சொல்லிட்டு, பை வச்ச மாஸ்க்கை மூணு பேருக்கும் மாட்டினாங்க. கொரோனா காலத்துல நம்ம வீட்டுக்கு வீடு வாங்கி வச்சோமே, அதே கிளிப்தான். அதை நம்பி ஏமாந்துடாதீங்க.

இதுக்கு மருந்து ஆக்சிஜன்தான். சாதாரண காத்தைச் சுவாசிச்சா, ரத்தத்துல இருக்குற கார்பன் மோனாக்சைடு பாதியாக் குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும். மாஸ்க்கு வழியா முழு ஆக்சிஜன் கொடுத்தா அது ஒண்ணு, ஒன்றரை மணி நேரமாக் குறையும். ரொம்ப மோசமானவங்களை அழுத்தம் கூட்டின அறைக்குள்ள வச்சு ஆக்சிஜன் கொடுக்குறதும் உண்டு. அந்த வசதி பெரிய நகரங்கள்ல சில ஆஸ்பத்திரியிலதான் இருக்கு.

மதியத்துக்குள்ள அம்மா தெளிஞ்சுட்டாங்க. அக்காவும், "எனக்கு ஒண்ணும் இல்லை, மாஸ்க்கைக் கழட்டுங்க"ன்னு அடம் பிடிச்சுது. டாக்டரம்மா விடலை. "உனக்குச் சரியாயிடுச்சும்மா. உள்ளே இருக்குறவனுக்கு இன்னும் ஆகலை"ன்னாங்க. வயித்துல இருக்குற குழந்தையோட ரத்தம் இந்த வாயுவை இன்னும் இறுக்கமாப் பிடிச்சுக்குமாம். அம்மா ரத்தம் சுத்தமான பிறகும் குழந்தைக்கு வடிய நேரம் பிடிக்கும். அதனால புள்ளத்தாச்சிக்கு மட்டும் கூடுதல் நேரம் ஆக்சிஜன். அன்னிக்கு ராத்திரி வரைக்கும், குழந்தையோட துடிப்பைப் பார்க்க நர்ஸம்மா வரும்போதெல்லாம், நான் வெளியே போய் நின்னுக்கிட்டேன். அந்தக் கோணியும், ஆணியும், சட்டியும்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

ஆயா மறுநாள் எழுந்து உட்கார்ந்தாங்க. தப்பிச்சோம்னு நினைச்சோம். மூணாவது வாரம் டீயில உப்பைப் போட்டாங்க. என்னைப் பார்த்து அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. பயந்து மறுபடி காட்டினோம். இந்த விஷம் தெளிஞ்ச மாதிரி தெளிஞ்சு, சில நாளோ சில வாரமோ கழிச்சு ஞாபக மறதி, தடுமாற்றம்னு திரும்ப வரலாமாம். நாலைஞ்சு மாசத்துல மெல்ல மெல்ல சரியாச்சு. ஆனா பழைய ஆயா முழுசா வரலைன்னுதான் அம்மா இன்னிக்கும் சொல்லும்.

'இதெல்லாம் கிராமத்து விஷயம் பாஸ், எங்களுக்கு என்ன'ன்னு நினைக்கிறீங்களா? 2020 ஜனவரியில கேரளாவுல இருந்து நேபாளம் டூர் போனவங்க, டாமன்ங்கற ஊர்ல குளிருக்காக ரூமுக்குள்ள கேஸ் ஹீட்டர் வச்சுக்கிட்டுத் தூங்கினாங்க. எட்டு பேர் எழுந்திருக்கவே இல்லை, அதுல நாலு குழந்தைங்க. 2024 ஆகஸ்ட்ல கொடைக்கானலுக்கு ஜாலியா போன நம்ம இளைஞர்கள் ரெண்டு பேர், பார்பிக்யூ அடுப்பு இருந்த ரூமுல தூங்கி இறந்துபோனாங்க. அதே வருஷம் டிசம்பர்ல கேரளாவுல வடகரையில ரோட்டோரம் நின்ன ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர். ஜெனரேட்டர் புகை உள்ளே ஏறியிருந்துச்சு. கரி, கேஸ், டீசல்... எரியுற பொருள் எதுவா இருந்தாலும் ஆளைக் கொல்ற வாயு ஒண்ணுதான்.

'காத்து கருப்பு'ன்னு நம்ம அத்தை மட்டும்தான் சொல்லுவாங்கன்னும் நினைக்காதீங்க. அமெரிக்காவுல ஒரு பழைய வீட்டுக்குக் குடிபோன குடும்பத்துக்கு ராத்திரியில காலடிச் சத்தம் கேட்டுச்சு, உருவங்கள் தெரிஞ்சுது, எல்லாருக்கும் தலைவலி, செடி கூட வாடுச்சு. பேய் வீடுன்னே நம்பிட்டாங்க. கடைசியில பார்த்தா, வீட்டைச் சூடாக்குற உலை பழுதாகி, புகை வீட்டுக்குள்ள வந்துக்கிட்டு இருந்துச்சு. உலையைச் சரி பண்ணினதும் பேய் ஓடிப்போச்சு! வில்லியம் வில்மர்ங்கற கண் டாக்டர் 1921-ல இதை மருத்துவ இதழ்லயே எழுதினார்.

அதனால, இதை எல்லாம் மனசுல ஏத்திக்கங்க.

கரி, விறகு, வரட்டி எதுவா இருந்தாலும் தூங்குற ரூமுக்குள்ள வேண்டாம். தணல் மட்டும்தானேன்னு நினைச்சாலும் வேண்டாம். கொசுவுக்குப் புகை போடுறதா இருந்தா, ஆள் இல்லாதப்போ போட்டு, சட்டியை வெளியே எடுத்து வச்சு, ஜன்னலைத் திறந்து காத்து மாறின பிறகு படுங்க. கொசுவலை அதைவிட நல்லது. டூர் போற இடத்துல குளிருதுன்னா இன்னொரு போர்வை கேளுங்க.

கேஸ் கீஸரை பாத்ரூமுக்கு வெளியே, காத்தோட்டமான இடத்துல மாட்டச் சொல்லுங்க. ஏற்கெனவே உள்ளே இருந்தா, வாளியில சுடுதண்ணி பிடிச்சுக்கிட்டு, அணைச்சுட்டு, அப்புறமா கதவைச் சாத்திக் குளிங்க. அடுப்போ கீஸரோ நீலமா எரியாம மஞ்சளா எரிஞ்சா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. 'கேஸ் லீக்கானா நாத்தம் வருமே'ன்னு சமாதானம் சொல்லாதீங்க. அந்த நாத்தம் சிலிண்டர் கேஸுல வேணும்னே கலக்குறது. எரிஞ்சு வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நாத்தம் கிடையாது.

புயல் நேரத்துல ஜெனரேட்டரை வீட்டை விட்டு இருபது அடியாவது தள்ளி, ஜன்னல் பக்கம் புகை திரும்பாத மாதிரி வைங்க. தாழ்வாரமும் போர்ட்டிகோவும் வெளியே கிடையாது! மூடின ஷெட்டுக்குள்ள காரை ஸ்டார்ட் பண்ணி ஏ.சி. போட்டுக்கிட்டுத் தூங்காதீங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம்னு சின்னதா ஒரு கருவி விக்குது. படுக்குற ரூம் பக்கம் ஒண்ணு மாட்டலாம். புகை அலாரம் வேற, இது வேற. பார்த்து வாங்குங்க. பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி வைக்கிறது, மூக்குல ஈரத்துணி கட்டுறது, எதுவும் இந்த வாயுவைத் தடுக்காது. தரையில படுத்தாலும் கட்டில்ல படுத்தாலும் ஒண்ணுதான். காத்தோட எடைக்குக் கிட்டத்தட்ட சமமா இருக்குறதால ரூம் முழுக்கப் பரவி நிற்கும்.

இவ்வளவுக்கும் அப்புறம் நடந்துட்டா? ஒரே கூரைக்குக் கீழே ஒண்ணுக்கு மேல ஆளுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, காய்ச்சல் மட்டும் இல்லை; வெளியே வந்தா கொஞ்சம் தெளியுது, உள்ளே போனா திரும்ப வருதுன்னா... உடனே சந்தேகப்படுங்க. கதவு, ஜன்னலைத் திறங்க. எல்லாரையும் வெளியே கொண்டு வாங்க. நீங்களும் உள்ளே நிக்காதீங்க, காப்பாத்தப் போனவரும் விழுந்துடுவார். அடுப்பை அணைக்க முடிஞ்சா அணைங்க. 108-க்கு அடிங்க. மயங்கினவங்க வாயில மோரு, எலுமிச்சைச் சாறுன்னு எதையும் ஊத்தாதீங்க. மூச்சு இல்லைன்னா நெஞ்சை அழுத்தி முதலுதவியைத் தொடங்குங்க. டாக்டர்கிட்ட 'என்ன எரிஞ்சுது, எத்தனை நேரம், ரூம் மூடியிருந்துச்சா'ன்னு மறக்காம சொல்லுங்க.

பிப்ரவரியில அக்காவுக்குப் பையன் பிறந்தான். பிறந்ததும் அவன் அழுத அழுகை மாதிரி ஒரு சங்கீதத்தை நான் இன்னும் கேட்கலை. இப்போ ஹைஸ்கூல்ல படிக்கிறான், கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கிட்டு கம்மாபுரத்துத் தெருவுல ஓடுறான். சித்தப்பாவைப் பார்த்தா மட்டும் சட்டுனு நின்னு, "தாத்தா, தலைவலிக்குது"ன்னு சொல்லுவான். சித்தப்பாவும் சளைக்காம கேட்பார்: "உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

வீட்டுல எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். சிரிச்சுக்கிட்டே போய் ஜன்னல் திறந்திருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு வருவேன்.

நீங்களும் இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை பார்த்துடுங்களேன்.